ஏசி கம்பெனி பெயர், ஏசி இல்லாத அரங்கம்

பனிக்காட்டான்: பக்கத்து இழையில் ஒருவர் "பல்கலைக்கழக வளாக அரங்கம் என்றால் சிராக்யூஸ் டோம்தான்" என்று மார்தட்டியிருக்கிறார். ஐயா, அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகம் 1980-இல் அதைத் திறந்தபோது ஏசி செய்கிற கேரியர் கம்பெனி 27.5 லட்சம் டாலர் கொடுத்துத் தன் பெயரை வைத்துக்கொண்டது. உள்ளே ஏசி கிடையாது. நாற்பது வருடம் கிடையாது!

ஆரஞ்சுக்காரன்: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். கூடைப்பந்து நடக்கிற மாதங்களில் அங்கே வெளியே முழங்கால் அளவு பனி. ஏசியை வைத்து என்ன செய்வது? கூரைமேல் விழும் பனியை உருக்கவே சூடான காற்றை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பனிக்காட்டான்: அமெரிக்கக் கால்பந்து செப்டம்பரிலேயே தொடங்குமே, அப்போதும் முழங்கால் பனியா? கேட்டது ஒன்றுதான். ஏசி இருந்ததா, இல்லையா?

கொங்குக்குசும்பு: ஊதின பலூனுக்குள் உட்கார்ந்து ஏசி கேட்கிறீர்களே! ஃபைபர் கிளாஸ் துணிக்கூரை, நடுவில் ஒரு தூண் இல்லை. மின்விசிறிகள் ஊதிய காற்றில்தான் நின்றது. காற்று கசியக் கூடாதென்று உள்ளே போக சுழல் கதவு. ஆட்டம் முடிந்து சாதாக் கதவைத் திறந்தால் காற்று முதுகில் கைவைத்து வெளியே தள்ளும். மாமனார் வீட்டில்கூட இப்படி வழியனுப்ப மாட்டார்கள்.

ஆரஞ்சுக்காரன்: 2019 பிப்ரவரி, டியூக் பல்கலைக்கழக அணியோடு ஆட்டம். 35,642 பேர்! வளாகத்துக்குள் கூடைப்பந்து பார்க்க இவ்வளவு கூட்டம் வேறு எங்கே கூடியது?

நீலச்சட்டை: ஜெயித்தது டியூக், 75-65. அதையும் சேர்த்து எழுதுங்கள். கால்பந்து மைதானத்தின் ஒரு மூலையில் கூடைப்பந்துத் தளத்தை விரித்துவிட்டு அரங்கமாம். எங்கள் டியூக்கின் கேமரன் அரங்கத்தில் இருக்கை 9,314தான். சத்தத்தில் காது போய்விடும்.

ஆரஞ்சுக்காரன்: உங்கள் கேமரன் 1940-இல் திறந்தது. அதற்கு ஏசி வந்ததே 2000-க்கு அப்புறம்தான். அதைப் பனிக்காட்டார் கேட்க மாட்டாரா?

பனிக்காட்டான்: கேமரன் ஏசி கம்பெனியா? பயிற்சியாளர் பெயர். மண்டப வாசலில் "குளிரூட்டப்பட்டது" என்று பலகை வைத்துவிட்டு உள்ளே விசிறிமட்டை கொடுத்தால் கேட்க மாட்டோமா? அதைத்தான் கேட்கிறேன்.

கொங்குக்குசும்பு: 2022-இல் அதற்கு ஜேஎம்ஏ வயர்லெஸ் டோம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இனி உள்ளே ஒரு ஒயர்கூட இருக்கக் கூடாது என்று கிளம்புவார் பாருங்கள்.

சும்மாபார்ப்பவன்: அது சிராக்யூஸ் இல்லை, சிரக்யூஸ்.

ஆரஞ்சுக்காரன்: அங்கே படித்தவன் நான். உச்சரிப்பு வகுப்பு வேறு இழையில் எடுங்கள். 2020-இல் கூரையைக் கெட்டியாக மாற்றியபோது ஏசியும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. போதுமா?

பனிக்காட்டான்: ஆக, அதுவரை இல்லை! நான் முதல் வரியில் சொன்னதைத்தான் இப்போது நீங்கள் சொல்கிறீர்கள்.

ஆரஞ்சுக்காரன்: உளுந்து விகித இழையிலும் இதே கதைதான். மூன்று பக்கம் இழுத்துவிட்டு, கடைசியில் "நான் முதலிலேயே சொன்னேன்".

பனிக்காட்டான்: நாலுக்கு ஒன்றுதான். அதில் இன்றைக்கும் மாற்றமில்லை.

நீலச்சட்டை: புழுங்கலரிசியா, பச்சரிசியா?