தாத்தாவின் விமானப் பட்டறைப் படங்கள்: எப்படிக் காப்பது?

ஆம்பூர்ப் பேத்தி:
என் அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1943இல் அமெரிக்க விமானப்படை அங்கே பொறுப்பேற்ற பிறகும் வேலையில் இருந்தார். அவருடைய டிரங்குப் பெட்டி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கறுப்புத் தாள் ஆல்பம், மைதாப் பசையில் ஒட்டிய சிறிய படங்கள். ஒன்றில் அரைக்கால் சட்டையோடு, நீரில் இறங்கக்கூடிய கேட்டலினா விமானத்தின் இறக்கைமேல் உட்கார்ந்திருக்கிறார். (அந்த விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கும் என்று அம்மா சொல்வார்.) ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. இவை தவிர எண் பொறித்த பித்தளை டோக்கன், இரண்டு ஸ்பானர், கண்ணாடி போட்ட கறுப்பு டயல், ஒரு டப்பாவில் ஃபிலிம். டயலை என் மகன் கடிகாரம் என்று விளையாட எடுத்துப் போகிறான். படங்களைப் பிரித்து லேமினேட் செய்துவிடலாம், டோக்கனைப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்கிறார் மாமா. செய்யலாமா?

பழைய இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டர்:
அம்மா, முதலில் அந்த டயலைப் பையனிடமிருந்து வாங்குங்கள். ஆல்பம் நாளை வரை காத்திருக்கும்.

அந்தக் காலத்து விமான டயல்களில் முள்ளுக்கும் எண்களுக்கும் ரேடியம் கலந்த சாயம் பூசுவார்கள். இன்று இருட்டில் ஒளிரவில்லை என்பதால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கெட்டுப்போனது ஒளிரும் துத்தநாக சல்பைடுதான். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. உதிர்ந்த தூள் உடம்புக்குள் போவதுதான் பெரிய கேடு. பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, யாரும் படுக்காத, காற்றோட்டமுள்ள அறையில் உயரத்தில் வையுங்கள். உறையின்மேல் ‘ரேடியம், திறக்காதே’ என்று எழுதுங்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள்.

ஸ்பானரில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். பின்ன எண்ணோடு ‘டபிள்யூ’ இருந்தால் பிரிட்டிஷ் விட்வொர்த் அளவு. அந்த எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும், வாயின் அகலத்தை அல்ல. அமெரிக்க ஸ்பானரில் வாயின் அகலமே எண்ணாக இருக்கும். தாத்தா எந்த நாட்டு விமானத்தில் கை வைத்தார் என்பதற்கு அது ஒரு துப்பு. துரு இருந்தால் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். டோக்கனுக்குப் புளி வேண்டவே வேண்டாம். பளபளப்பு வரும், எண்ணின் விளிம்பு போகும். கறுத்துக் கிடப்பதில் என்ன குறை?

மதுரை ஸ்டுடியோ:
பிரிக்காதீர்கள். பழைய பசையோடு இழுத்தால் படத்தின் மேல்தோலே கிழியும். லேமினேட் செய்தால் சூடும் பசையும் ஏறிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. பக்க வரிசையும் கீழே எழுதியதும் படத்துக்குச் சமமான சாட்சிகள். ஆல்பத்தை அப்படியே வைத்து, பக்கம் பக்கமாகத் தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பாக எடுங்கள். பக்கங்களுக்கு நடுவே அமிலமற்ற தாள் வையுங்கள். பூச்சிக்கு விருந்தே அந்த மைதாப் பசைதான். மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, ஈரச்சுவரிலிருந்தும் பரணின் வெப்பத்திலிருந்தும் விலக்கி, அட்டைப் பெட்டியில் வையுங்கள். அந்துருண்டையை உள்ளே போடாதீர்கள்.

விமானத்தின்மேல் அமெரிக்க நட்சத்திரச் சின்னம் தெரிகிறதா? இருபுறமும் வெள்ளைப் பட்டை இருந்தால் அந்தச் சின்னத்தைத் தீட்டியது 1943 நடுப்பகுதிக்குப் பிறகு.

ஆம்பூர்ப் பேத்தி:
பட்டை இருக்கிறது! டயலைப் பூட்டிவிட்டேன். புளி வேண்டாம் என்றதில் மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஃபிலிம் டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கிறதே?

மதுரை ஸ்டுடியோ:
அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வரும் நெடி அது. பக்கத்திலுள்ள ஃபிலிமுக்கும் பரவும். டப்பாவை விட்டு எடுத்து, தனித்தனிக் காகித உறையில், ஆல்பத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சாகியிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இல்லாவிட்டால் நைட்ரேட் என்ற பழைய வகை ஃபிலிமாக இருக்கலாம், எளிதில் தீப்பற்றும். அப்படியென்றால் பூஜையறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சுருண்டுபோகும் முன் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியதும் அதைத்தான்.

பழைய இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டர்:
ஸ்கேன் பிரதிகளைப் பெங்களூரில் எச்ஏஎல் (தாத்தா வேலை பார்த்த நிறுவனத்தின் இன்றைய பெயர்) அருங்காட்சியகத்துக்கும் கொடுத்துப் பாருங்கள். மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானரில் என்ன பொறித்திருக்கிறது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.