நோர்வேயில் வாழும் மலையக உறவுகளின் ஆலோசனை வேண்டும்

வணக்கம். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். நோர்வேயின் பேர்கன் நகரில் குடியேறிய அக்காவின் குடும்பத்தோடு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சென்ற எங்கள் அம்மா, அங்குள்ள பாலர் பராமரிப்பு நிலையத்தில் குழந்தைகளைக் குளிரிலும் தள்ளுவண்டியில் வெளியே உறங்கவைப்பதைக் கண்டு மிகவும் கலங்கிப்போயிருக்கிறார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்), மார்கழிக் குளிரில், எங்கள் காதுகளைக் கம்பளியால் மூடியே வளர்த்தவர் அவர். ஆகவே அவருடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மூத்த பேரன் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும் (அங்கே அதுவே வழக்கம்) அவரை வருத்துகிறது என்றாலும், அதைக் காலப்போக்கில் ஏற்றுக்கொள்வார். குளிர் விடயத்தில்தான் அக்காவுக்கும் அவருக்கும் நாள்தோறும் மனத்தாங்கல். வயதான பெற்றோரை அங்கு அழைத்துச் சென்றவர்கள் இதை எவ்வாறு விளங்கவைத்தீர்கள், பராமரிப்பாளர்களுடன் அம்மா நேரில் பேசும்போது தமிழில் மொழிபெயர்த்து உதவக்கூடியவர்கள் பேர்கனில் இருக்கிறார்களா என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.