ஐஎஸ்ஓவை காப்பி செய்தால் மட்டும் போதுமாம்!

கிரப்தாசன்:
"ஐஎஸ்ஓவை பென்டிரைவில் காப்பி பண்ணுங்கள், கிரப்பில் ஒரு லூப்பேக் வரி எழுதுங்கள், எந்த லினக்ஸும் இன்ஸ்டால் ஆகும்" என்று நேற்று ஒரு மேதை எழுதியிருந்தார். (ஐஎஸ்ஓ: இன்ஸ்டால் சிடியின் முழு நகலாக வரும் ஒற்றைக் கோப்பு. கிரப்: கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் லினக்ஸை ஏற்றும் புரோகிராம். லூப்பேக்: ஐஎஸ்ஓவை ஒரு டிஸ்க் போலத் திறந்து காட்டும் கிரப் கட்டளை.) எந்த லினக்ஸுமா? டெபியன் 10 லினக்ஸின் நெட்இன்ஸ்டை, அதாவது மற்றதை இணையத்தில் இறக்கிக்கொள்ளும் சிறிய ஐஎஸ்ஓவைப் போட்டுக் காட்டட்டும். மொழி கேட்கும், கீபோர்டு கேட்கும், அப்புறம் சிடி-ராம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கும். என் லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது.

மதுரைபென்குயின்:
அந்த மேதை நான்தான். உபுண்டு, மின்ட் இரண்டையும் அப்படித்தான் போட்டேன். பூட் ஆனது.

கிரப்தாசன்:
உபுண்டுவை யார் கேட்டது? அதில் காஸ்பர் என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பு இருக்கிறது, பூட் ஆகும்போது ஓடும். கர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றும் வரியில் ஐஎஸ்ஓ இருக்கும் பாதையைக் கொடுத்தால் காஸ்பரே தேடித் திறந்துகொள்ளும். லூப்பேக் கிரப்பின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கர்னல் ஏறியதும் கிரப்பும் போச்சு, லூப்பும் போச்சு. டெபியனுக்கு ஹெச்டி-மீடியா இனிட்ஆர்டியை (கர்னலோடு முதலில் ஏறும் சிறிய கோப்புத் தொகுப்பு, டிஸ்கிலிருந்து இன்ஸ்டால் செய்வதற்கென்று தயாரித்தது) தனியாக இறக்கி வைக்க வேண்டும். அதுதான் ஒவ்வொரு பார்ட்டிஷனாக ஐஎஸ்ஓவைத் தேடும். இல்லையென்றால் சிடி-ராம்தான்.

சோம்பேறி_சேகர்:
இதற்கா இவ்வளவு சண்டை? பென்டிரைவில் வென்டாய் போடுங்கள், ஐஎஸ்ஓக்களை அப்படியே பூட் செய்யும் புரோகிராம். பத்து ஐஎஸ்ஓவை காப்பி பண்ணினாலும் மெனுவில் வரிசையாக நிற்கும், டெபியன் உட்பட.

ரூட்ராஜா:
சோர்ஸ் மரத்துக்குள்ளேயே பைனரிகளை வைத்திருக்கும் அந்தச் சாமானையா? அதற்கு ஐஎஸ்ஓவை அப்படியே டிஸ்கில் எழுதும் டிடி கட்டளை எவ்வளவோ மேல்.

சோம்பேறி_சேகர்:
போன வருடம் டிடியில் பென்டிரைவின் பெயரான எஸ்டிபி என்பதற்குப் பதில் ஹார்டுடிஸ்கின் பெயரான எஸ்டிஏ என்று அடித்து ஹார்டுடிஸ்கையே வழித்துப் போட்டவர் சொல்கிறார், கேட்டுக்கொள்வோம்.

ரூட்ராஜா:
அது தூக்கக் கலக்கத்தில் நடந்தது. பேக்கப் இருந்தது. நூறு தடவை சொல்லியாயிற்று.

மதுரைபென்குயின்:
டெபியனும் பூட் ஆகத்தானே செய்கிறது? மெனு வருகிறதே.

கிரப்தாசன்:
நீங்கள் எழுதியது "இன்ஸ்டால் ஆகும்". மெனுவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகவா பென்டிரைவைச் செருகினோம்? சிடி-ராம் கேட்கிறதா இல்லையா?

மதுரைபென்குயின்:
அதுதான் ஹெச்டி-மீடியா போட்டால் கேட்காது என்று நீங்களே சொல்கிறீர்களே. அதையும் காப்பிதானே பண்ணப் போகிறோம்?

கிரப்தாசன்:
உங்கள் பதிவில் அந்த வார்த்தை எங்கே? காட்டுங்கள்.

ரூட்ராஜா:
சேகர், அந்த பேக்கப் ஸ்கிரீன்ஷாட்டை அப்போதே போட்டேன். நீங்கள்தான் பார்க்கவில்லை.

கிரப்தாசன்:
ஸ்கிரீன்ஷாட் கிடக்கட்டும். சிடி-ராம் கேட்கிறதா, இல்லையா?