மறு: கப்பலடிப் பூச்சுக்கு ‘உயிரிமாசு எதிர்ப்பு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

கப்பலின் அடியில் கடல் உயிர்கள் ஒட்டி வளராமல் தடுக்கும் பூச்சுக்கு (antifouling) நம் கலைச்சொல் பட்டியலில் பேராசிரியர் ஐயா முன்வைத்த பெயர் ‘உயிரிமாசு எதிர்ப்புப் பூச்சு’. அது எனக்கு இரண்டு இடங்களில் இடிக்கிறது. மும்பைத் துறைமுகத்தில் கப்பல் பெயிண்ட் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ‘மாசு’. மாசு என்றால் கழுவினால் போக வேண்டும். டிரை டாக்கில் (கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறை) தண்ணீரை இறைத்தபின் கப்பலின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், கொட்டலசு (barnacle) என்ற ஓடுள்ள கடல் உயிர் அப்பிக் கிடக்கும். சுரண்டியால் தட்டினால் ஓடு உடைந்து விழும். வட்டமான வெள்ளை அடித்தகடு மட்டும் எஃகிலேயே தங்கிவிடும். இளம்பருவத்தில் நீந்தி வந்து, இடத்தைத் தடவிப் பார்த்துத் தேர்ந்து, புரதப் பசை சுரந்து, ஆயுளுக்கும் அங்கேயே இருந்துவிடுகிற உயிர் அது. அந்த ஒட்டுதல் பெயரில் தெரிய வேண்டும். அதனால் ‘ஒட்டுயிர்’ என்கிறேன். ஒட்டுண்ணியோடு குழம்பாதா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். ஒட்டுண்ணியில் ‘உண்ணி’ இருக்கிறது. இவை கப்பலிடமிருந்து உணவு எடுப்பதில்லை, இடம் மட்டுமே பிடிக்கின்றன. ‘உயிர்ப்படிவு’ என்று வைத்தால் புதைபடிவத்தின் பக்கம் இழுத்துவிடும். ‘பாசி’ என்றால் சிப்பியும் குழாய்ப்புழுவும் விட்டுப்போகும்.

அடுத்து ‘எதிர்ப்பு’. பொதுப்பெயராக ‘ஒட்டுயிர்த் தடைப்பூச்சு’ இருக்கட்டும், சரி. ஆனால் அதற்குக் கீழே வருகிற பலபடிப் (polymer) பூச்சுகள் ஒன்றுபோல வேலை செய்வதில்லை. தனித்தனிப் பெயர் கட்டாயம் வேண்டும்.

டிரைபியூட்டைல் டின் என்ற நச்சு வெள்ளீயச் சேர்மத்தை அக்ரிலிக் பலபடியோடு பிணைத்த பூச்சில், கடல்நீர் அந்தப் பிணைப்பை அறுக்கும், நஞ்சு வெளியேறும், மேலடுக்கு கரைந்து புது அடுக்கு வெளிப்படும். தேய்பிறை போல இதைத் ‘தேய்பூச்சு’ எனலாம், வினைத்தொகையாகவே நிற்கும். அந்த வெள்ளீயச் சேர்மம் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் ஆளிச் சிப்பிகளின் ஓட்டை உருக்குலைத்தது. 1982இல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்ததையும் பல கரைகளில் கண்டார்கள். கப்பல்களில் இதைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போதைய தேய்பூச்சுகளில் பெரும்பாலும் செம்புச் சேர்மங்கள்தான். ஆகவே ‘தேய்பூச்சு’ என்றதும் வெள்ளீயம் என்று பொருள் கொள்ள வேண்டாம். தேய்வது பலபடி, நஞ்சு எதுவாகவும் இருக்கலாம்.

சிலிக்கோன் பூச்சு வேறு கதை. அதில் நஞ்சு கட்டாயமில்லை. மேற்பரப்பு ஆற்றல் குறைவு, அதாவது எதுவும் அதில் இறுகப் பிடிக்காது; ரப்பர் போன்ற நெகிழ்வும் உண்டு. கொட்டலசு வந்து ஒட்டத்தான் செய்யும், ஆனால் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினாலே நழுவிவிடும், அடித்தகடோடு. கப்பல் வேகமெடுத்தால் நீரோட்டமே உதிர்த்துவிடும். இதைப் போய் எதிர்ப்பு என்று எப்படிச் சொல்வது? ‘பிடிதளர் பூச்சு’ என்பதே என் பரிந்துரை.

மூன்றாவது, ஆய்வகங்களில் அதிகம் பேசப்படும் இருமின்முனைப் (zwitterionic) பலபடிகள். நேர், எதிர் மின்சுமை இரண்டும் ஒரே அலகில் இருப்பதால் நீர்மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. புரதம் பரப்பைத் தொடவே அந்த நீரை விலக்கியாக வேண்டும். இதற்கு ‘ஒட்டாப் பூச்சு’. இலங்கை நண்பர்கள் பலபடியைப் பல்பகுதியம் என்பார்கள்; இந்த மூன்று பெயர்களும் அதனோடும் இடைஞ்சல் இல்லாமல் சேரும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். நுண்பாசிகளின் வழுவழுப்பான படலம் சிலிக்கோனிலும் விடாமல் நிற்கிறது, ஓடும் கப்பலிலும்கூட. அப்படியானால் ‘பிடிதளர்’ பொய்யாகாதா என்று கேட்கலாம். ஓடுள்ள உயிர்களை வைத்துத்தான் அந்தப் பெயர், அந்தப் படலத்துக்கு ‘உயிர்ப்படலம்’ என்று தனிப்பதிவு போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். கடல் உயிரியல் படித்தவர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் பட்டியலில் ஏற்றலாம்.