ஆப்பிள் மரத்துக்குப் பக்கத்தில் ஹாதோர்ன் வேலி: சரிவருமா?

செம்மண்:
இங்கிலாந்தில், மிட்லண்ட்ஸ் பக்கம் வீடு. பின்னால் இருந்த பலகை வேலி காற்றில் சாய்ந்துவிட்டது. அங்கே ஹாதோர்ன் என்ற முள்செடியை வேலியாக வைக்கலாமென்று யோசனை. 6 மீட்டர் நீளம், களிமண், ஓரத்தில் ஓர் ஆப்பிள் மரம்.

முள்ளுக்காடு:
வேண்டாங்க. வெட்டிப்போட்ட குச்சி காய்ந்த பிறகுதான் முள் மோசம், தள்ளுவண்டி டயரையே குத்திவிடும். அதோடு ஃபயர் பிளைட் பாக்டீரியா ஹாதோர்ன், ஆப்பிள் இரண்டையும் தாக்கும். பூவும் தளிரும் கருகித் தொங்கும். மருந்து கிடையாது, நல்ல மரம் தெரிகிறவரை வெட்டியெறிய வேண்டியதுதான்.

கரிச்சான்:
அதற்குப் பயந்தால் பேரிக்காய்கூட வைக்க முடியாது, முள்ளுக்காடு. செம்மண், களிமண்ணெல்லாம் இதற்குப் பிரச்சினையே இல்லை. நவம்பர் முதல் மார்ச்சுக்குள், தொட்டியில் இல்லாமல் வெறும் வேரோடு விற்கும் கன்றுகளை வாங்குங்க, மலிவு. மீட்டருக்கு 5, இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்று. நட்ட கையோடு பாதிக்கு வெட்டிவிடணும். மனசு கேட்காதுதான், ஆனால் விட்டால் மேலே மட்டும் தழைத்து அடியில் ஓட்டையாக நிற்கும்.

பூக்கூடை:
வேலி எதற்கு? ஹாதோர்னிலேயே சிவப்புப்பூ ரகமான 'பால்ஸ் ஸ்கார்லெட்' மரம் ஒன்று வையுங்கள். மே மாதம் மரமே சிவந்து கிடக்கும்.

கரிச்சான்:
அக்கா, அது அடுக்குப்பூ. தேனீக்குப் பிரயோஜனமில்லை, காயும் பேருக்குத்தான். சாதா வெள்ளைப்பூ மரத்தில் பழம் பழுத்தால் குளிர்காலத்தில் ரெட்விங் பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும்.

முள்ளுக்காடு:
பழம் எங்கே வரப்போகுது? போன வருஷக் குச்சியில்தான் பூக்கும். வருஷா வருஷம் மட்டமாக வெட்டினால் பூவும் போச்சு, பழமும் போச்சு. வெட்டாவிட்டால் பக்கத்து வீட்டோடு தகராறு.

கரிச்சான்:
ஒரு வருஷம் இந்தப் பக்கம், அடுத்த வருஷம் அந்தப் பக்கம் வெட்டினால் தீர்ந்தது. பறவைகள் தின்று முடித்த பிறகு, ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கத்தரியைத் தொடாதீங்க. குஞ்சு பொரிக்கும் கூட்டைத் தெரிந்தே கலைப்பது இங்குள்ள 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

பூக்கூடை:
வெள்ளைப்பூவின் வாடையை யாரும் சொல்லவில்லையே! மீன் கெட்டால் வரும் ட்ரைமெத்திலமைன் அதிலும் உண்டு. சன்னல் பக்கம் வைத்துவிடாதீர்கள்.

செம்மண்:
சன்னல் தூரம்தான், சமாளிக்கலாம். ஆப்பிள் பக்கம் 2 மீட்டருக்கு, ஃபயர் பிளைட் வராத ஹேசல் என்ற கொட்டைச் செடி, மீதிக்கு ஹாதோர்ன் என்று முடிவு செய்திருக்கிறேன்.

முள்ளுக்காடு:
மழைச் சாரலும் தேனீயும் கொண்டுபோகிற நோய்க்கு 2 மீட்டர் எந்த மூலைக்கு? ஆறையும் ஹேசலாகவே வையுங்க.

கரிச்சான்:
ஹேசல் வைத்தால் கொட்டையெல்லாம் அணிலுக்குத்தான். நீங்க ஹாதோர்னையே வாங்குங்க, செம்மண்.