கிரே மார்க்கெட்டில் ஒமேகா வாங்கலாமா?

நொடிமுள்: அங்கீகரிக்கப்பட்ட டீலர் அல்லாத (கிரே மார்க்கெட்) ஒரு கடையில் புது ஒமேகா வாட்ச், விலை கால் பங்கு குறைவு. கம்பெனி வாரண்டி கிடையாது, கடையே இரண்டு வருடம் தருமாம். வாங்கலாமா?

தேங்காய்மட்டை: தாராளமாக. இது போலிச் சரக்கு இல்லை. டீலரிடம் விற்காமல் தேங்கியது பின்வாசல் வழியாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். ஷோரூம் சோபாவுக்கு நீங்கள் ஏன் காசு தர வேண்டும்?

சாவிகொடுப்பவன்: ஒமேகா 2018 நவம்பரிலிருந்து ஐந்து வருட வாரண்டி தருகிறது. அதை விட்டுவிட்டு ஒரு கடையின் வாய்ச்சொல்லை நம்புவதா? நாளைக்குக் கடையையே மூடிவிட்டால் அந்தச் சீட்டை யாரிடம் நீட்டுவீர்கள்?

தேங்காய்மட்டை: வாரண்டி எதற்குச் செல்லும் என்று படித்தீர்களா? கண்ணாடி உடைந்தால் கிடையாது, பட்டை தேய்ந்தால் கிடையாது. தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். ஒரிஜினல் வாட்சாக இருந்தால், காசு கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே பழுது பார்க்கலாம். மிச்சம் பிடித்த பணம் அதற்கு உதவும்.

சாவிகொடுப்பவன்: அது ஒரிஜினலாகவே இருக்கும் வரைக்கும். என் க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச்) முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. விற்ற கடைக்கு அனுப்பினேன், நான்கு மாதம் கழித்து வந்தது. உள்ளே யார் கை வைத்தார்கள், என்ன பாகம் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒமேகா ஸ்வாட்ச் குழுமத்தைச் சேர்ந்தது. வெளியில் இருக்கும் எல்லா மெக்கானிக்குக்கும் அவர்கள் உதிரிபாகம் தருவதில்லை. வேறு பாகம் ஏறிவிட்டால் அப்புறம் கம்பெனியும் தயங்கும்.

பழையதுபிரியன்: சண்டை இருக்கட்டும், வாரண்டி கார்டு இருக்கிறதா என்று கேட்டீர்களா? ரோலெக்ஸில் டீலர் விற்ற தேதி கார்டில் இருக்கும், ஐந்து வருடம் அந்த நாளிலிருந்து ஓடும். அப்படிக் கைமாறி வரும் வாட்சில் மீதி வாரண்டி உங்களுக்கு. ஆனால் ஆள் அடித்துப்பிடித்து வாங்கும் ரோலெக்ஸ் மாடல்கள் கிரே மார்க்கெட்டில் ஷோரூம் விலையைவிட அதிகம், 'தள்ளுபடி' என்ற பேச்சே அங்கே எடுபடாது. இன்னொன்று: எந்த டீலர் கசியவிட்டார் என்று தெரியாமல் இருக்கச் சிலர் சீரியல் எண்ணைச் சுரண்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

நொடிமுள்: இப்போதுதான் கேட்டேன். சீரியல் எண் சரியாக இருக்கிறது. கார்டும் இருக்கிறதாம், ஆனால் தேதியும் டீலர் பெயரும் நிரப்பவில்லை.

சாவிகொடுப்பவன்: அப்படியென்றால் அது வெறும் அட்டை.

தேங்காய்மட்டை: சரி, அதைச் சொல்லியே இன்னும் கொஞ்சம் விலையைக் குறையுங்கள்.