கேளையாடு குரைத்த ராத்திரி: புளூபெல் காட்டுக்குள் தங்கிய வாசகர்களின் அனுபவங்கள்

போன ஏப்ரல் கடைசி வாரம் இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் ஒரு பீச் மரக்காட்டுக்குள் இரண்டு ராத்திரி தங்கினோம். நான், வீட்டுக்காரர், ஆறு வயசுப் பையன், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. “கிளாம்பிங்” (கட்டில், அடுப்போடு வசதியாக டென்ட்டில் தங்குவது) என்றால் என்ன என்று விளக்கி முடித்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கட்டில் இருக்கா?”

இருந்தது. 5 மீட்டர் பெல் டென்ட், நடுவில் கம்பம், ஓரமாக இரும்பு விறகடுப்பு, கட்டில்கள், எக்கச்சக்கமாகக் கம்பளி. கரண்ட் இல்லை. கழிவறை சற்றுத் தள்ளி ஒரு மரக்கூண்டு. ஃபிளஷ் கிடையாது, எழுந்ததும் ஒரு குவளை மரத்தூள் தூவ வேண்டும். எனக்குத்தான் முகம் கோணியது. அம்மா வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். “லைன் வீட்டுல நாங்க பாத்ததுக்கு இது பங்களாடி” என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் வந்தார்.

வசந்தத்தில் காட்டுத் தரையெல்லாம் நீலமாகப் பூக்கும் புளூபெல்லின் அழகைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். பகலில் பார்த்துவிட்டு ஐந்து மணிக்குக் கார் ஏறுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மத்தியானம் போனில் எடுத்த படமெல்லாம் ஊதாவாக வந்து என்னை ஏமாற்றியது. எட்டரை மணிக்கு வெயில் போனபிறகு டென்ட் வாசலில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். மரம், பாதை எல்லாம் கறுத்துக்கொண்டே வர, தரையில் இருந்த நீலம் மட்டும் அணையவே இல்லை. முன்னைவிடக் கூடித்தான் தெரிந்தது. வெளிச்சம் மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருண்டுபோகும், நீலம் கடைசி வரை தாக்குப்பிடிக்கும் என்று வீட்டுக்காரர் விளக்கினார். விளக்காமல் இருந்திருக்கலாம்.

நாங்கள் போன சமயத்தில் பீச் மரங்கள் அப்போதுதான் துளிர்விட்டிருந்தன. இளம் இலையின் ஓரத்தில் பட்டுநூல் மாதிரி ரோமம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். அந்த இலைகள் முழுசாக விரிந்து மேலே கூரை போட்டுவிட்டால் தரைக்கு வெயில் வராது. அதற்குள் பூத்து, அடுத்த வருஷத்துக்குக் கிழங்கில் சேர்த்துவைக்க வேண்டும் என்பதுதான் இந்தச் செடிகளின் அவசரம். பீச் துளிர்க்கும் வாரத்தைக் குறிவையுங்கள். மே மூன்றாவது வாரம் போய்விட்டு “ஒன்றுமே இல்லை” என்று திட்டாதீர்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். முதல் ராத்திரி ஒரு மணி இருக்கும், அடுப்பு அணைந்து மூக்கு நுனி சில்லிட்டதில் விழித்துக்கொண்டேன். வெளியே ஒரு குரைப்பு. ஒன்றே ஒன்று. நாலைந்து விநாடி கழித்து மறுபடி ஒன்று. தொண்டை கட்டின பெரிய நாய் மாதிரி, ஆனால் நாய் இப்படித் தாளம் போட்டுக் குரைக்காது. பத்து நிமிஷம் ஆயிற்று, நிற்கவில்லை. வீட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜிப்பைத் திறக்கலாமா வேண்டாமா என்று நிற்கிறார். கம்பளிக்குள்ளிருந்து அம்மா குரல்: “கேளையாடுடி. படு.” நாய் மாதிரி குரைக்கிற சின்ன மான் அது.

கொஞ்சம் பொறுத்து, “சிறுத்தை கிறுத்தை நடமாடுதோ என்னமோ.”

இங்கிலாந்துக் காட்டில் சிறுத்தை கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் விடியும்வரை யாரும் மரக்கூண்டுப் பக்கம் போகவில்லை.

காலையில் அம்மாவே கூட்டிப்போய்க் காட்டினார். பாதை ஓரச் சேற்றில் சின்னச் சின்னக் குளம்புத்தடம், ஒவ்வொன்றும் என் கட்டைவிரலின் முதல் கணு அளவுதான். பக்கத்தில் ஏழெட்டு புளூபெல் தண்டுகள், பூங்கொத்து இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக. எஸ்டேட்டில் கேளையாடு விடாமல் கத்தினால் தேயிலை பறிக்கிறவர்கள் அந்தப் பக்கம் ஒதுங்க மாட்டார்களாம். இந்த நாட்டில் அது யாரைப் பார்த்துக் கத்தியது? வேறு யாராவது கேட்டிருக்கிறீர்களா?

*

அக்கா, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. இங்க இருக்கறது நம்ம மலைக் கேளையாடு இல்ல, அதோட சீனத்துப் பங்காளி, ரீவ்ஸ் முன்ட்ஜாக். இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல பெட்ஃபோர்ட்ஷயர் வோபர்ன் பார்க்குக்குக் கொண்டுவந்தது. தப்பிச்சது பாதி, ஆளுங்களே வெளிய விட்டது பாதின்னு பரவிடுச்சு. வருஷம் பூரா குட்டி போடும், அடிச்சுத் தின்னப் பெரிய மிருகமும் இங்க இல்ல. பயந்தாலும் கத்தும், துணை தேடவும் கத்தும், ஆரம்பிச்சா ஒரு மணி நேரம்கூட ஓயாது. உங்களோட டார்ச்சைப் பார்த்துத்தான் கத்தியிருக்கும்னு நினைக்கறேன்.

பாக்க லாப்ரடார் நாய் உயரம்தான். ஆனா புளூபெல், ப்ரிம்ரோஸ், காட்டு ஆர்கிட் எல்லாத்தையும் மேய்ஞ்சிடும். கேம்பிரிட்ஜ்ஷயர் மங்க்ஸ் வுட் காட்டுல இது பண்ணின சேதத்தை ஆய்வாளருங்க வருஷக்கணக்கா அளந்தாங்க. நீங்க பாத்த மொட்டைத் தண்டு அதோட கைவரிசையாத்தான் இருக்கணும்.

என் அனுபவம் இவ்வளவு அழகா இல்ல. எங்களுக்குக் குடுத்த விறகு ஈரம். அடுப்பு புகைஞ்சதே தவிர எரியல. வெளிய 4 டிகிரி. ராத்திரி சமைச்ச பார்பிக்யூ தட்டுல தணல் இன்னும் சிவப்பா இருந்தது. புகைதான் இல்லையேன்னு அதைத் தூக்கிட்டு வந்து டென்ட்டுக்குள்ள வெச்சேன். கால் மணி நேரத்துல, கம்பத்துல மாட்டியிருந்த வெள்ளை டப்பா காதைக் கிழிச்சது. கார்பன் மோனாக்சைடு அலாரம். பிள்ளைங்களை அப்படியே வாரிக்கிட்டு வெளிய ஓடினோம். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, நாங்க பாட்டுக்குத் தூங்கியிருப்போம். அணைஞ்ச மாதிரி இருக்கற தணல்கூட வேண்டாம்ங்க. அடுப்பு வெச்ச டென்ட்டுல அந்த டப்பா இல்லைன்னா நான் இப்பல்லாம் சாமானையே இறக்கறதில்ல.

மிச்ச ராத்திரி கம்பளியைப் போத்திக்கிட்டு மரத்தடியில உக்காந்தோம். நாலரைக்கு ஒரு ராபின் ஆரம்பிச்சது, அப்புறம் பிளாக்பேர்ட், அப்புறம் எது எதுன்னே தெரியாத அளவுக்குச் சத்தம். சின்னவ மட்டும் “அப்பா, மறுபடி அலாரம்”னா.

*

காட்டுப் பூண்டு பற்றி யாரும் எழுதவில்லையே! ஓடை ஓரமாக வெள்ளை நட்சத்திரப் பூக்களோடு அடர்ந்து கிடக்கும், நெருங்கும்போதே வாசனை தூக்கும். இடத்துக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு கைப்பிடி இலை பறித்தேன். இடத்துக்காரர் அனுமதி இல்லாமல் வேரோடு பிடுங்கினால் 1981 வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி குற்றம், அதனால் இலை மட்டும். பச்சை மிளகாய், புளி, உப்பு வைத்து அம்மியில் அரைக்கிற மாதிரி டென்ட் வாசல் கல்லிலேயே நசுக்கித் துவையல்.

சாப்பிடும் முன் தோழி மிச்சமிருந்த இலைகளில் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள். பளபளப்பு ஒன்றுதான், ஆனால் அம்பு முனை மாதிரி அடிப்பக்கம் பிளந்திருந்தது. லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்கிற சேம்பு இனத்துச் செடி, விஷம். அதே பாத்தியில் கலந்தே வளர்கிறது. “கசக்கி முகர்ந்துதானே பறித்தேன்” என்றேன். நாலு இலை பறித்தபிறகு விரலெல்லாம் பூண்டு வாசனை, அப்புறம் எதை முகர்ந்தால் என்ன? மொத்தத்தையும் கொட்டிவிட்டோம். துவையல் மேல் இருந்த ஆசையை இன்னும் கொட்டவில்லை, இந்த வருஷம் இலை இலையாகப் பார்த்துப் பறிப்பேன்.

*

உண்ணி. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். முழங்கால் மடிப்பு, இடுப்பு நாடா, பிள்ளைகளின் காது மடல் பின்புறம், ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய முனை உள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், எண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம். எடுத்தபிறகும் சில வாரம் கவனியுங்கள், வட்டமாகப் படை பரவினால் லைம் நோயாக இருக்கலாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

*

எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். நாங்கள் தங்கிய காட்டில் காலை ஒன்பது மணிக்கு ஒரு குடும்பம் வந்தது, குழந்தையைப் பூக்களுக்கு நடுவில் உட்காரவைத்துப் படம் எடுக்க. அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், ரிஃப்ளெக்டர் பிடிக்க மாமா. அரை மணி நேரம். அவர்கள் போனபிறகு பார்த்தால் தார்ப்பாய் விரித்து எடுத்த மாதிரி ஒரு வட்டம். பூ ஒடிந்ததுகூடப் பரவாயில்லை, இலை நசுங்கினால் கிழங்குக்குச் சாப்பாடு இல்லை. அந்த இடம் தேற வருஷக்கணக்காகும். விதையிலிருந்து வருகிற செடி பூக்கவே ஐந்து வருஷம் போல ஆகும். சொல்லப் போனேன், “நீ யாரு கேக்கறதுக்கு” என்று சுத்தத் தமிழில் பதில் வந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

*

மேலே எழுதியவருக்கு: எங்கள் பையனும் முதல் நாள் ஒரு முறை பூக்களுக்குள் பாய்ந்தான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாதை ஓரடி அகலம்கூட இல்லை. அம்மாதான் அவனை முன்னால் விட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பில் நடக்கிற மாதிரி பின்னாலேயே நடந்து பழக்கினார்.

தம்பி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். டார்ச்சைப் பார்த்துக் கத்தியது என்பதை அவர் ஏற்கவில்லை. ஊரில் எல்லாரிடமும், லண்டன் பக்கம் சிறுத்தை இருக்கிறது, பிள்ளைகள்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.